ஐ ஈ என்று வாசித்தவள்

புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

அச்சில் et al. என்று வந்தால் என்ன சொல்வீர்கள்? வாயைத் திறக்குமுன் கொஞ்சம் பொறுங்கள். நான் "எட் ஆல்" என்று வாசித்தேன். அதில் பிழை ஒன்றும் இல்லை, அகராதி என் பக்கம்தான். இருந்தாலும் அந்த இரண்டு அசையால், நான் ஆசைப்பட்ட ஒரு வேலை என் கையை விட்டு ஜெசிந்தாவின் கைக்குப் போனது. ஜெசிந்தாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜன்னல் ஓரத்து மேசை, மேசைமேல் எப்போதும் ஒரு மிக்சர் பொட்டலம். அவள்தான்.

வேலையை விட்டுப் போகிறவர்கள் இப்படி எழுதி வைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கமில்லை. நம் முதலாளி சேகர் அண்ணன்தான் கேட்டார். "தாரிணி, மைக்கை எப்படி வைக்கணும், எந்த பட்டனை அமுக்கணும்னு நான் சொல்லிக் கொடுத்துருவேன். மத்ததை நீ எழுதிட்டுப் போ" என்றார். மற்றது என்றால் என்னவென்று கேட்டேன். "அதான், நீயும் ஜெசியும் முறைச்சுக்கிட்டு நின்னதெல்லாம்" என்றார். முப்பதைத் தொடாத நான் ஓய்வு பெற்றவளைப் போல உட்கார்ந்து பணி அனுபவம் எழுதுவது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது. பேச்சு சிகிச்சை படிக்கப் போகிறேன். அதற்குமுன் இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஜெசிந்தா தன் பங்கை மட்டும் சொல்லி முடித்துவிடுவாள். அவள் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். அதுதான் அவளிடம் பிரச்சினை.

நம் வேலை வாசிப்பது. கண்ணால் படிக்க முடியாதவர்களுக்கும், படிக்க நேரமில்லாத கம்பெனிக்காரர்களுக்கும், ஆங்கிலத்தில் அச்சாகி இருப்பதைக் குரலில் ஏற்றித் தருகிறோம். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேலே இருக்கிறோம் என்பதால், கீழே யாராவது குடம் வாங்கித் தட்டிப் பார்த்தால் மேலே நாம் நிறுத்த வேண்டும். கோயில் மணி அடித்தாலும் நிறுத்த வேண்டும். இதெல்லாம் சீக்கிரம் பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு. எழுத்தில் இருப்பதெல்லாம் வாயால் சொல்வதற்காக எழுதப்பட்டதில்லை. லத்தீனிலிருந்து வந்த அந்தக் குட்டிக் குட்டிச் சுருக்கங்கள் இருக்கின்றனவே, அவற்றைக் கண் தாண்டிப் போய்விடும். வாய்தான் மாட்டிக்கொள்ளும்.

இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். நாம் எழுத்துகளுக்குள் குடியிருப்பவர்கள். ஹெச்டிபி அடுக்குமாடி வீட்டில் எழுந்து, எம்ஆர்டி ரயில் பிடித்து, சிபிஎஃப் சேமிப்பைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறோம். தீவு விரைவுச்சாலை என்று வானொலிதான் சொல்லும், நாம் பி ஐ ஈ என்போம். அதனால் i.e. என்று பார்த்ததும் நம் வாய் தானாக "ஐ ஈ" என்கிறது. e.g. என்றால் "ஈ ஜி". யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலில் நான் அப்படி வாசிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் லத்தீன் படித்த மிதப்பில் வந்தேன். முதல் வேலை ஒரு ஏர்கான் பராமரிப்புக் கையேடு. e.g. வந்த இடத்தில் "எக்ஸெம்ப்ளி கிராட்டியா" என்று முழுதாக முழங்கினேன். பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார்.

"என்னம்மா, ஏர்கானுக்குக் கும்பாபிஷேகமா பண்றோம்?"

அன்றிலிருந்து எழுத்துகளையே சொல்லத் தொடங்கினேன். அதற்கு ஒரு கொள்கையும் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் என்ன அச்சாகி இருக்கிறதோ அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை கேட்பவருக்கு உண்டு, அதை மாற்றிச் சொல்ல நான் யார்? இந்தக் கொள்கையை இன்றும் விடவில்லை. விடாததற்குக் காரணம் பின்னால் வருகிறது.

ஜெசிந்தா நான் சேர்ந்த அதே வாரம் சேர்ந்தவள். பிடோக்கில் வீடு. பள்ளி நாளிலிருந்து தேவாலயத்தில் ஞாயிறு பூசை வாசகம் வாசிப்பவள். e.g. என்று அச்சில் இருந்தால் அவள் வாயில் "ஃபார் எக்ஸாம்பிள்" என்று வரும். i.e. என்றால் "தட் இஸ்". viz. என்றால் "நேம்லி". cf. என்றால் "கம்பேர்". அகராதியைப் புரட்டி இவற்றைக் கற்றவள் நான். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தெரியும்னா? பின் பெஞ்சுல கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு ஒரு அம்மா நிப்பாங்க. அவங்களுக்கு ஒரு தடவையில புரியணும். திரும்பி வாசிக்கச் சொல்ல முடியாது பாரு. அவ்ளோதான் லா."

அவ்வளவுதானாம். நான் காலையிலிருந்து வெந்நீர் குடித்து, தொண்டையைப் பொத்திப் பாதுகாத்து, ஒரு பத்தியை மூன்று முறை வாசிப்பேன். அவள் கைநிறைய மிக்சர் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்து ஒரே தடவையில் முடித்துவிட்டு, மீதியை எனக்கு நீட்டுவாள். தொண்டைக்கு ஆகாது என்று மறுப்பேன். மறுநாளும் நீட்டுவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன், நான் வாசிக்கும்போது பொத்தான்களைப் பார்ப்பார், அவள் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

இதில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டியது அவளுடைய ஒரு மூச்சு. "தட் இஸ்" சொல்வதற்குமுன் சின்னதாக ஒரு மூச்சு விடுவாள். அதில் காற்புள்ளி கேட்கும். இனி வரப்போவது விளக்கம் என்று காது தயாராகிவிடும். நான் வீட்டுக் குளியலறையில் நின்று அந்த மூச்சைப் பயின்று பார்த்தேன். எனக்கு அது பெருமூச்சாகத்தான் வந்தது.

இப்படி இருந்த காலத்தில்தான் சுகந்தி அக்கா வந்தார். ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒருநாள் முழுதாகப் போய்விட்டது. அதன்பின் வீட்டில் உட்காராமல் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டார். இந்த ஊர்க் குடும்பங்களில் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அவர் ஆய்வு. கணினிக் குரல் இருக்கிறதே என்பீர்கள். அவர் வீட்டில் அதுவும் ஓடும், மின்னஞ்சலும் செய்தியும் அதில்தான். ஆனால் அவர் துறையின் பெரிய புத்தகம் ஒன்று இருக்கிறது, வரிக்கு வரி அடைப்புக்குறி, பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. அதைக் கணினி வாசித்தால் ஆசிரியர் பேச்சு எது, அடிக்குறிப்பு எது என்று பிரியாமல் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடுகிறது. அதனால் மனிதக் குரல் வேண்டும் என்றார். பல மாதத்து வேலை. ஒரு ஆளின் காதுக்குள் ஒரு புத்தகம் முழுவதையும் வைக்கிற வேலை. ஏர்கான் கையேட்டிலிருந்து எனக்கு விடுதலை. எனக்கு அது வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னேன். ஜெசிந்தா மிக்சரை நீட்டினாள்.

இருவரும் ஒரே பக்கத்தை மாதிரிக்கு வாசித்துப் பதிவு செய்தோம். அண்ணன் எங்களையே ஆங் மோ கியோவில் இருந்த அக்கா வீட்டுக்கு அனுப்பினார். கதவைத் திறந்தவர் பரிமளம், அக்காவின் கணவருடைய மூத்த சகோதரி. அந்தக் கணவர் இறந்து, அக்காவின் கண்ணும் போன சமயத்தில் தன் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர். அக்கா அவரை அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டு நாங்களும் அண்ணி என்றே கூப்பிட்டோம்.

முதலில் என் பதிவை ஓட்டினோம். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"குரல் நல்லாருக்கும்மா. தெளிவா இருக்கு. ஆனா ஐ ஈ, ஈ ஜி, ஐ ஈ, ஈ ஜின்னு போய்க்கிட்டே இருக்கு. எந்த எக்ஸ்பிரஸ்வேயில போறோம்னே தெரியல."

ஜெசிந்தா சிரிப்பை அடக்க மேலே மின்விசிறியைப் பார்த்தாள். அதற்குள் சமையலறையிலிருந்து அண்ணி தேநீர்த் தட்டோடு வந்தார்.

"சுகந்தி, யாரு அந்த லிம் எட்டாளு?"

"யாரு அண்ணி?"

"அந்தப் பொண்ணு வரிக்கு வரி சொல்லுதே. லிம் எட்டாள், டான் எட்டாள். எட்டு ஆள் சேர்ந்தா எழுதுனாங்க?"

அக்கா சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இல்ல அண்ணி. லிம்மும் மத்தவங்களும்னு அர்த்தம். ஆனா நீங்க சொன்னதும்தான் தோணுது, டான் எட் ஆல்னு ஒரு சீனர் நம்ம புளோக்குலயே இருக்கலாம்."

பிறகு ஜெசிந்தாவின் பதிவு ஓடியது. "லிம் அண்ட் அதர்ஸ்." அந்த மூச்சு. "தட் இஸ்." அக்கா சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணி தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்று கேட்டார். முடிந்ததும் அக்கா சொன்னார், "இந்தப் பொண்ணு வாசிக்கல. பேசுது."

திரும்பும் வழியில் ரயிலில் நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"கோச்சுக்காத தாரு."

"யாரு கோச்சுக்கிட்டா?"

"மூஞ்சி காலையில பி ஐ ஈ மாதிரி ஜாம் ஆகி நிக்குது."

எனக்கு வேறு ஒரு வேலை கிடைத்தது. அவள் வாசித்ததைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுச் சரிபார்ப்பது. அதாவது, நான் அடைய முடியாத அந்தக் குரலை நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அக்காவுக்கு அவசரம் என்பதால் பதிவு முடிந்த அத்தியாயம் உடனே அவருக்குப் போய்விடும், என் சரிபார்ப்பு பின்னாலேயே ஓடிவரும்.

நான் எப்படிக் கேட்டேன் தெரியுமா? அவள் எங்கே வழுக்கி விழுவாள் என்று கேட்டேன். sic என்று வந்தால் நோய் என்று பொருள்படும்படி இழுத்து வாசிப்பாள் என்று காத்திருந்தேன். மூலத்தில் இப்படித்தான் இருக்கிறது என்று தோன்றும்படி அளவாகச் சொன்னாள். etc. வரும்போது "எக்செட்ரா" என்று ஊரே சொல்வது போலச் சொல்வாள் என்று பார்த்தேன். "எட் செட்டரா" என்று சுத்தமாக வந்தது. ஆண்டுக்கு முன்னால் c. என்று தனியாக ஓர் எழுத்து நிற்குமே, அதை "அபௌட்" என்றாள். ஒவ்வொரு முறையும் அகராதியைத் திறப்பேன், ஒவ்வொரு முறையும் அவள் சரி. என் வயிறு எரிந்ததில் ஏர்கான் தேவைப்பட்டது.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. e.g. என்று அடுக்கடுக்காக வரும் பக்கம் அது, ஏறக்குறைய எல்லா வரியிலும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் "ஃபார் எக்ஸாம்பிள்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசிப் பத்தியில், நெருங்கிய உறவினர் யார் என்று ஆசிரியர் சொல்லும் இடத்தில், ஒரே ஒரு i.e. இருந்தது. அந்த ஓட்டத்தில் அவள் நாக்கு அதற்கும் "ஃபார் எக்ஸாம்பிள்" என்று சொல்லிவிட்டது. முன்னால் அழகாக ஒரு மூச்சு வேறு.

திரும்ப ஓட்டினேன். மறுபடியும் ஓட்டினேன். எனக்கு வந்த மகிழ்ச்சியை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

விஷயம் சின்னதாகத் தோன்றும். i.e. என்றால் அதாவது. e.g. என்றால் எடுத்துக்காட்டாக. "நெருங்கிய உறவினர், அதாவது கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர்" என்றால் கதவு சாத்தியாகிவிட்டது, வேறு யாரும் உள்ளே வர முடியாது. "எடுத்துக்காட்டாக" என்றால் கதவு திறந்து கிடக்கிறது. எழுத்துகளையே வாசிக்கும் என்னைப் போன்றவளுக்கு இந்தத் தவறு வராது. பொருளைச் சொல்கிறவளுக்குத்தான் வரும். அவளுடைய திறமையிலிருந்தே வந்த தவறு. அது எனக்கு இன்னும் பிடித்திருந்தது.

அவள் மேசைக்குப் போனேன்.

"ஜெசி, ஒரு நிமிஷம்."

"என்ன, முகமெல்லாம் தீபாவளியா இருக்கு?"

"இதைக் கேளு."

புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள். விரல் அந்த இரண்டு எழுத்தில் நின்றது. "அலாமக்" என்றாள், ஐயோ என்பதைப் போல, மெதுவாக. வாயில் இருந்ததை மெல்லவில்லை.

"ஒரு வார்த்தைதானே, மாத்திடலாம்" என்றேன், பெரிய மனது பண்ணி.

"உனக்குத் தெரியாது தாரு. அக்கா போன வாரம் போன் பண்ணாங்க. இந்த இடத்தை வச்சுத்தான் ஒரு சாப்டரே எழுதிட்டாங்க. இவ்ளோ பெரிய ஆளே கதவைத் திறந்து வச்சிருக்காரு, அப்ப அண்ணி மாதிரி ஆளுங்களும் நெருங்கிய உறவுதான்னு. அடுத்த வாரம் பேராசிரியர்கிட்ட குடுக்கணுமாம்."

அக்கா இவளுக்குப் போன் பண்ணுவார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அந்தக் குத்து ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என் தீபாவளி அணைந்துவிட்டது.

அண்ணன் வந்து விஷயத்தைக் கேட்டார். நல்ல மனிதர், ஆனால் கடை நடத்துகிறவர். "அந்த ஒரு வரியை மட்டும் திருப்பி ரெக்கார்ட் பண்ணி, ஃபைலை மாத்தி அனுப்பிடுவோம். சரியானது அவங்ககிட்ட இருக்கும்ல, அவ்ளோதான" என்றார். இந்த இடத்தைக் கவனியுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் இதே யோசனை வரும், அன்றைக்கு அது நியாயமாகவும் தோன்றும். நான் முடியாது என்றேன். கண்ணால் படிக்கிறவர் பக்கத்துக்குத் திரும்பிப் போவார், ஓரக்கண்ணில் பிழை படும். காதால் படிக்கிறவர் கேட்ட பக்கத்துக்கு எளிதில் திரும்ப மாட்டார். கேட்டது உள்ளே போய்விட்டது, அங்கேயே குடியிருக்கிறது. புதிய ஃபைல் அவர் கணினியில் சும்மா கிடக்கும், பழைய சொல் அவர் வாயிலிருந்து வரும். நேரில் போய்ச் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு நேரில் போவதில் வேறு ஆசையும் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அக்கா ஜெசிந்தாவைப் பார்த்து ஒரு தடவையாவது முகம் சுளிக்க வேண்டும், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

"நானே சொல்றேன்" என்றாள் ஜெசிந்தா. "நீ கூட வா. புக்கை நீ எடுத்துக்க."

அக்கா வீட்டில் அவள் சுற்றி வளைக்கவில்லை. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள், எந்தப் பக்கம், என்ன சொல், என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று. அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த இடத்தைத் திரும்ப வாசிங்க."

ஜெசிந்தா என் பக்கம் திரும்பினாள். "நீ வாசி. நான் வாசிச்சா அக்கா காதுல பழசுதான் கேக்கும்."

வாசித்தேன். அந்த இடம் வந்தது. என் வழக்கப்படி, "ஐ ஈ."

"இன்னொரு தடவை."

"ஐ ஈ."

"அது என்ன ஐ ஈ?" என்றார் அண்ணி.

"அதாவதுன்னு அர்த்தம் அண்ணி. இவ்வளவு பேர்தான்னு அர்த்தம்" என்றார் அக்கா.

"அப்ப அந்தப் புக்குல நான் இல்லையா?"

அண்ணி காலிக் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போகும்போது, யாரிடமும் இல்லாமல், "போன வாரம் இருக்கேன்னு சொன்னே" என்றார்.

மருத்துவமனையிலும் வங்கியிலும் அண்ணியைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டு, சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, நெருங்கிய உறவினர் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள் என்பார்களாம். இதை அக்கா அன்றுதான் எங்களுக்குச் சொன்னார். அந்த ஆய்வை அவர் ஏன் எடுத்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ரெண்டு எழுத்துல என் அண்ணியை வெளியில தள்ளிட்டாரு அந்த ஆளு" என்றார் அக்கா. கோபம் முழுக்கப் புத்தகத்தின் மேல். ஜெசிந்தாவின் பக்கம் ஒரு துளிகூட வரவில்லை. நான் காத்திருந்த அந்த முகச்சுளிப்பு வரவே இல்லை. "சரி. அவரோட ஒத்துக்கிட்டு எழுதினதை அழிக்கிறேன். எதிர்த்து எழுதுறேன்."

"நாள் பத்தாதே அக்கா" என்றாள் ஜெசிந்தா.

"பேராசிரியர்கிட்ட கேட்டு வாங்குறேன். முழு அத்தியாயத்தையும் திரும்பக் கேக்கணும். ஜெசி, நீ வாசி. தாரிணி, நீ பக்கத்துல உக்காந்து, அந்த மாதிரி இடம் வந்தா எழுத்தைச் சொல்லு."

அப்படித்தான் செய்தோம். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவள் "தட் இஸ்" என்பாள், நான் "ஐ ஈ" என்பேன். அவள் "ஃபார் எக்ஸாம்பிள்" என்பாள், நான் "ஈ ஜி" என்பேன். பேச்சு அவளுக்கு, எழுத்து எனக்கு. கிளம்பும்போது அக்கா எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். அவள் கையை முதலில்.

நம் இடத்தில் இப்போது இருக்கும் வழக்கம் அந்த மேசையில்தான் தொடங்கியது. சுருக்கம் முதல் தடவை வரும்போது எழுத்தையும் சொல்லுங்கள், பொருளையும் சொல்லுங்கள். பிறகு பொருள் போதும். பதிவுக்கு உட்காருமுன் i.e. ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள், அது கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும். சந்தேகம் வந்தால் கேட்பவரிடமே கேளுங்கள். சட்டம் படிக்கிறவருக்கு வாசித்தால், வழக்குப் பெயருக்கு நடுவே நிற்கும் v. என்ற எழுத்தை எப்படிச் சொல்ல என்று முன்பே கேட்டுவிடுங்கள். அதை "அண்ட்" என்று சொல்கிறவர்கள் உண்டு, நாம் "வெர்சஸ்" என்று முழங்கினால் அவர்களுக்குக் கிரிக்கெட் ஆட்டம் கேட்பது போல இருக்கும். a.m., p.m. இரண்டையும் அப்படியே விட்டுவிடுங்கள், அவை இனி யாருடைய சொத்தும் இல்லை.

இன்னொன்று. உங்கள் பதிவைச் சரிபார்க்க உங்களைப் பிடித்தவரிடம் கொடுக்காதீர்கள். அவர் உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடிக்கொள்வார். உங்களைப் பார்த்து வயிறு எரிகிறவர் யாரென்று தேடிக் கொடுங்கள். அந்தக் காதுக்கு ஈடு கிடையாது. நான் அவளை நேசித்திருந்தால் அந்த i.e. இன்றைக்கும் e.g. ஆகவே இருந்திருக்கும்.

அக்கா தன் ஆய்வைத் தேர்வாளர்கள் முன் வாய்மொழியாகப் பேசும் நாளில், பார்வையாளர்களும் உட்காரலாம் என்றார்கள். முன் வரிசையில் பரிமளம் அண்ணி, பட்டுப் புடவையும் அட்டிகையும். பின் வரிசையில் நானும் ஜெசிந்தாவும்.

அக்கா ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். என் நெருங்கிய உறவினர் என்று தொடங்கி, ஒரு மூச்சு விட்டார், "தட் இஸ்" என்றார், முன் வரிசைப் பக்கம் கையைக் காட்டி, "பரிமளம்" என்றார். அதோடு பட்டியல் முடிந்தது. அண்ணிக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. தன் பெயர் வந்ததும் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

நானும் கலங்கத்தான் செய்தேன். ஆனால் அந்த மூச்சு யாருடையது என்று எனக்குத் தெரியும். அதன் பின்பு அக்கா பேசப் பேச, ஏற்றமும் இறக்கமும் நிறுத்தமும் எல்லாம் ஜெசிந்தா. "அண்ட் அதர்ஸ்" என்று முடிக்கும் விதம்கூட ஜெசிந்தா. மாதக்கணக்கில் காதுக்குள் வைத்தது இப்போது வாய்வழியே வருகிறது. அக்கா இனி எங்கே பேசினாலும் ஜெசிந்தாவின் குரலில்தான் பேசுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவள் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். காட்டாமல் இருந்தது இன்னும் எரிந்தது.

பேசி முடித்ததும் தேர்வாளர்களில் ஒருவர், வயதானவர், கேட்டார். நீங்கள் இந்த நூலாசிரியரை மறுக்கிறீர்கள், ஆனால் அவர் உண்மையிலேயே மற்றவர்களை விலக்குகிறாரா? அந்தப் பட்டியலை எடுத்துக்காட்டு என்றுதான் நான் எப்போதும் நினைத்திருந்தேன். உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?

அவர் கேட்டது அந்த அத்தியாயத்தின் உயிர். அண்ணி திரும்பி எங்களைப் பார்த்தார். அக்கா குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். மூச்சு விடவில்லை, நிறுத்தவில்லை, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை.

"அச்சில் இருப்பது ஐ ஈ" என்றார்.

எம்ஆர்டி அறிவிப்பைப் போலவே இருந்தது. தட்டையாக, எழுத்து எழுத்தாக. அது என் குரல்.

அந்தப் பெரியவர் மேசைமேல் இருந்த புத்தகத்தைப் புரட்டினார். பக்கத்தைக் கண்டுபிடித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

வெளியே வராந்தாவில் நின்றோம். உள்ளே தேர்வாளர்கள் முடிவை அக்காவிடம் சொல்லி வாழ்த்திக்கொண்டிருந்தார்கள், அண்ணி யாரோ ஒருவரிடம் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இத்தனை மாசம் நான் வாசிச்சேன். முக்கியமான இடம் வந்ததும் உன்னை எடுத்துக்கிட்டாங்க பாரு."

"ரெண்டு எழுத்துதானே ஜெசி."

"ஆமா லா. ரெண்டு எழுத்து."

கைப்பையைத் திறந்து மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு கை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இன்னொரு கை. சேர்ந்த நாள் முதல் ஒருநாள் தவறாமல் என் பக்கம் நீட்டியவள், அன்றைக்கு நீட்டவில்லை. பொட்டலம் காலியாகும்வரை தனியாகவே தின்றாள்.

நான் மறுக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்று, அவள் மெல்லும் ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.